ஒரு மூச்சில் எண்ணியது

டோரினின் இடது கண்ணிமை முதன்முதலாகக் கீழே விழுந்தது 2024 பெப்ரவரி 19ஆம் திகதி, திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு. இந்த நேரத்தில் சந்தேகம் இல்லை. அப்போது அவர் புதுக்கடைப் பகுதியில் ஒரு நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, தெமட்டகொடையிலிருந்து வந்த ஒருவர் தமிழில் சொன்ன சாட்சியத்தை நீதிபதிக்குச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று சாட்சிக்காரருக்கு இரண்டு தலைகள் இருப்பதுபோல டோரினுக்குத் தெரிந்தது. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, மற்றது சற்று மேலே நின்றது. டோரின் பேச்சை நிறுத்தவில்லை. இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வாக்கியத்தை முடித்தார். நீதிபதி கவனித்துப் பத்து நிமிட ஓய்வு கொடுத்தார். அந்தப் பத்து நிமிடமும் வழக்கேட்டில் பதிவாகியிருக்கிறது.

அந்த நீதிமன்றத்தில் நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்து, பதிவாளராக 2015இல் ஓய்வு பெற்றேன். டோரின் 1996இல், இருபத்தைந்து வயதில், மொழிபெயர்ப்பாளராக வந்தார். மொழிபெயர்ப்பாளரை 'முதலியார்' என்று அழைப்பது அங்கே பழைய வழக்கம். ஒரு பெண்ணை அப்படி அழைக்கச் சட்டத்தரணிகள் முதலில் தயங்கினார்கள். இரண்டு மாதத்தில் தயக்கம் போய்விட்டது.

அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். தகப்பனார் துறைமுகத்தில் வேலை செய்தவர். சிங்களத்தைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, தெரு ஒழுங்கையில் விளையாடிய பிள்ளைகளிடம் பிடித்துக்கொண்டார். அவருடைய பேச்சு மிக வேகம். சாட்சிக்காரர் மூன்று வாக்கியம் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, மூன்றையும் ஒரே மூச்சில் மற்ற மொழியில் இறக்கி வைப்பார்.

"முதலியார், உங்களுக்கு மூச்சு எண்டு ஒண்டு இல்லையோ?" என்று ஒரு மூத்த சட்டத்தரணி கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"அது லஞ்சுக்குத்தான் எடுக்கிறனான், சேர்" என்றார் டோரின்.

அவருடைய கணவர் கிளின்ரன் ஒரு கப்பல் கம்பனியில் எழுதுவினைஞர். 2021 ஓகஸ்ட்டில் கொரோனா வந்து, தொண்டைக்குள் குழாய் போட்டுப் பதினொரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து இறந்தார். குழாய் போடுவதற்கு முன் அவர் ரெலிபோனில் சொன்ன கடைசி வார்த்தை, "நாளைக்குக் கதைக்கிறன்". டோரினும் மகள் டிலக்ஷியும் மூடிய பெட்டியைத் தூரத்தில் நின்று பார்த்தார்கள். இனி வரும் விஷயத்துக்கு இது முக்கியம்.

இமை விழுந்த அன்று பின்னேரம் டோரின் பயந்தது பாரிசவாதம் என்று. வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன் நின்று சிரித்துப் பார்த்தார், இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தார். ஒன்றும் கோணவில்லை. இமை மட்டும் பாதிக் கண்ணை மூடி நின்றது. மகளிடம் சொல்லவில்லை. அது தவக்காலம். மறுநாள் காலை ஆறு மணிப் பூசைக்கு லூசியாள் கோயிலுக்குப் போனார். கண்ணுக்குக் காவலான புனிதை லூசியாள் என்பது கத்தோலிக்கருக்குத் தெரிந்த விஷயம். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தார். கண் முழுதாகத் திறந்திருந்தது.

அன்று பின்னேரம் இமை மறுபடி விழுந்தது. மறுநாள் பூசையால் வந்து பார்த்தால் சரி. இப்படி ஐந்து வாரத்துக்கு மேல் நடந்தது. வெள்ளியில் ஒரு கண் செய்து காணிக்கை வைப்பதாக நேர்ந்துகொண்டார். பின்னேரத்தில் விழுவதற்குத் தன் விசுவாசக் குறைவே காரணம் என்று முடிவு செய்து, மத்தியானச் சாப்பாட்டையும் விட்டார். உண்மையில் சாப்பாட்டை விட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. சோற்றை மெல்லும்போது பாதியில் தாடை நின்றுபோனது. கையால் தாடையை முட்டுக்கொடுத்து மெல்ல வேண்டியிருந்தது. அதை மற்றவர்கள் பார்க்க அவர் விரும்பவில்லை.

எனக்குத் தெரிய வந்தது ரெலிபோனில். பழைய காணி உறுதிகளில் ஒரு சொல் விளங்காவிட்டால் வெள்ளவத்தையில் என் வீட்டுக்குத்தான் அவர் கோல் எடுப்பார். மார்ச் 12, பின்னேரம் ஐந்து ஐம்பது: குரல் மூக்கால் வந்தது. மார்ச் 14, காலை ஏழு பதினைந்து: குரல் தெளிவு. மார்ச் 20, பின்னேரம் ஆறு பத்து: 'ப' என்ற எழுத்து வரவில்லை. நான் குறித்து வைத்தேன். ஆனால் கேட்கவில்லை. பெண்பிள்ளையின் உடல்நிலையை எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன்.

பெரிய வெள்ளியன்று, மார்ச் 29, கோயிலில் சிலுவைப்பாதை வாசிப்பு டோரினுடையது. பதினான்கு நிலைகளில் எட்டாவது வரைக்கும் வாசித்தார். ஒன்பதாவதில் வாயைத் திறந்தபோது மூக்கால் காற்று மட்டும் வந்தது. சனம் ஒலிவாங்கி பழுது என்று நினைத்தது. டிலக்ஷி மட்டும் தாயின் கழுத்தைப் பார்த்தாள். தலை மார்பில் சாய்ந்து கிடந்தது. தாய் இரண்டு கைகளாலும் அதைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானமே டிலக்ஷி எனக்குக் கோல் எடுத்தாள். "அங்கிள், மம்மி டொக்டரிட்டப் போகமாட்டாவாம். நீங்கள் சொன்னாக் கேப்பா."

ஏப்ரல் 3, பிற்பகல் நான்கு மணிக்கு, நரம்பியல் வைத்தியர் நஸ்லாவிடம் மூவரும் போனோம். நாற்பது வயதுக்குள் இருப்பார். டோரினைக் கண்ணை உயர்த்திக் கூரையைப் பார்க்கச் சொல்லி, ஒரு நிமிடம் அப்படியே இருக்கச் சொன்னார். ஒரு நிமிடம் ஆகவில்லை. இமை மேடைத் திரையைப் போல இறங்கியது. வைத்தியர் கீழே குளிர்பானக் கடையிலிருந்து ஐஸ் எடுப்பித்து, றப்பர் கையுறைக்குள் போட்டுக் கட்டி, விழுந்த இமையின் மேல் இரண்டு நிமிடம் வைத்திருந்தார். எடுத்தபோது கண் திறந்திருந்தது.

டிலக்ஷி கைதட்டினாள். வைத்தியர் சிரிக்கவில்லை.

"மூளையில பிழை இல்ல. நரம்பு நல்லம், தசையும் நல்லம். ரெண்டுக்கும் நடுவுலதான் கோளாறு ஈக்குது" என்றார்.

அவர் சொன்னதை அன்றே எழுதி வைத்தேன். நரம்பு தசையைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி உண்டு. மூளை 'தூக்கு' என்று சொன்னால் அந்தச் செய்தி நரம்பு வழியே ஓடி வந்து இடைவெளியின் கரையில் நிற்கும். அங்கே நரம்பின் நுனி ஒரு துளி இரசாயனத்தை விடும். எதிர்க்கரையில், தசையின் மேல், அதைப் பிடிக்கும் வாய்கள் இருக்கின்றன. அவை பிடித்தால்தான் தசை சுருங்கும். டோரினின் உடம்பே, கிருமியைத் தாக்க வேண்டிய படையை அனுப்பி, அந்த வாய்களை அடைத்துக்கொண்டிருந்தது. முதல் சில செய்திகள் எப்படியோ போய்ச் சேரும். ஒரே தசைக்குத் திரும்பத் திரும்பச் சொன்னால் நரம்பு விடும் துளி குறையும், மிஞ்சிய வாய்கள் போதாது, தசை நின்றுவிடும். ஓய்வு எடுத்தால் துளி மறுபடி சேரும். குளிரில் அந்தத் துளி கூடுதல் நேரம் கரையாமல் நிற்கும். ஐஸ் செய்தது அவ்வளவுதான்.

"அப்ப நடுவில ஒரு முதலியார் நிக்கிறாவெண்டு சொல்லுங்கோ" என்றார் டோரின்.

"நிக்கிறா. சரியாத்தான் சொல்றா. கேக்கிற ஆளிண்ட காதத்தான் யாரோ பொத்திட்டாங்க."

"ஆனா டொக்டர், காலமை பூசைக்குப் போனாச் சரியா வருதே?"

"பூசைக்குப் போக முன்னுக்குக் கண்ணாடி பாத்தீங்களா?"

தவக்காலத்தில் பூசைக்கு முன் கண்ணாடி பார்ப்பதில்லை என்று வருடாவருடம் ஒறுத்தல் வைத்திருப்பவர் டோரின். எழுந்தவுடனே கண் திறந்திருந்தது என்பது ஐந்து வாரமும் அவருக்குத் தெரியாது. இரவுத் தூக்கம் செய்த வேலையைப் பூசையின் கணக்கில் வைத்திருந்தார். அவருடைய முகம் வெளிறியதை அப்போதுதான் பார்த்தேன். நோய் இன்னதென்று தெரிந்ததால் அல்ல, ஐந்து வாரம் போய்விட்டதே என்று.

வைத்தியர் கதிரையை இழுத்துக் கிட்ட வந்தார். "இமை விழுந்தாப் பரவால்ல. குரல் போனாலும் பரவால்ல. மூச்சு எடுக்கிறதும் தசதான். அதுக்கும் இதே இடைவெளிதான். அத மறக்க வாணாம்."

பிறகு அவர் ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார். நெஞ்சு நிறைய மூச்செடுத்து, ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும், ஒரு வினாடிக்கு இரண்டு என்ற வேகத்தில். டோரின் எண்ணினார். நாற்பத்தொன்று.

"இருபதுக்குக் கீழ வந்தா வீட்டுல ஈக்க வாணாம். ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்க மெஷின்ல போட்டு மூச்சுக் குடுப்பாங்க. பயப்புட ஒண்டும் இல்ல."

"மெஷினெண்டா, குழாயா?"

"ஓம். கொஞ்ச நாளைக்கு."

திரும்பி வரும்போது, முச்சக்கர வண்டிக்குள், டோரின் எனக்குக் கேட்கும்படி மட்டும் சொன்னார்: "சேர், நான் குழாய்க்குப் போகமாட்டன்."

நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு குளிசை. மூன்று வாரம் எல்லாம் நன்றாகப் போனது. இந்த நோய்க்காரர் தொடக்கூடாத மருந்துகளின் பட்டியல் ஒன்றையும் வைத்தியர் கொடுத்திருந்தார். டோரின் அதைப் பத்திரமாகச் செபப் புத்தகத்துக்குள் வைத்தார். ஏப்ரல் 30இல் தடிமனும் சளியும் வந்தபோது, மிஞ்சும் குளிசைகளைப் போட்டு வைக்கும் பிஸ்கட் ரின்னைத் திறந்தார். டிலக்ஷியின் பழைய தொண்டை நோவுக்கு வாங்கிய அன்டிபயோட்டிக் அதில் மூன்று கிடந்தது. மூன்றையும் மூன்று நாளில் போட்டார். பட்டியலில் நான்காவதாக இருந்த மருந்து அதுதான்.

மே 2, பின்னேரம்: முப்பத்து மூன்று. மே 3, வெள்ளிக்கிழமை காலை: முப்பது. குடித்த தேநீர் மூக்கால் திரும்பி வந்தது. டிலக்ஷி கேட்காமலே தாயை வண்டியில் ஏற்றினாள். ஒரு பெரிய அரசாங்க வைத்தியசாலையில் நோயாளர் வாட்டில் சேர்த்தார்கள். ஊதிப் பார்க்கும் கருவியால் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பார்ப்பது, இடையில் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எண்ணச் சொல்வது, எண்ணிக்கை இருபதுக்கு வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு. இது அவர்கள் வைத்த ஒழுங்கு. பிழையான ஒழுங்கு அல்ல.

நான் போனது பின்னேரம், பார்வையாளர் நேரத்தில். ஐந்து மணி மூன்று நிமிடம். டோரின் மூன்று தலையணையில் சாய்ந்திருந்தார். வலது கையால் நாடியைத் தாங்கியிருந்தார். பார்ப்பவருக்கு ஏதோ யோசிப்பதுபோல இருக்கும். கையை எடுத்தால் தலை விழும் என்பது எனக்குத் தெரிந்தது. விரலில் மாட்டிய ஒட்சிசன் கருவி தொண்ணூற்றேழு காட்டியது. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளில் எண்கள் இருந்தன: 30, 29, 28, 28, 27, 27.

"பாத்தீங்களா அங்கிள், நல்லா நிக்குது" என்றாள் டிலக்ஷி.

ஐந்து ஐந்துக்குத் தாதி வந்தார். டோரின் மூச்செடுத்து எண்ணினார். "இருபத்தாறு" என்று தாதி எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். முப்பத்தெட்டுக் கட்டில்கள், இரண்டு தாதிகள்.

வேலைக் காலத்தில் எந்த வாக்குமூலத்துக்கும் தொடக்க நேரமும் முடிவு நேரமும் எழுதுவது என் வழக்கம். அன்றும் கை தானாக மணிக்கூட்டை என் பக்கம் திருப்பியிருந்தது. இருபத்தாறும் ஒன்பது வினாடியில் முடிந்திருந்தது. வைத்தியர் நஸ்லா சொன்ன வேகத்தில் அது பதின்மூன்று வினாடி எடுக்க வேண்டும். ஒன்பது வினாடி மூச்சுக்குச் சரியான எண் பதினெட்டு.

மூன்று வாக்கியத்தை ஒரு மூச்சில் சொல்லி இருபத்தெட்டு வருடம் சம்பளம் வாங்கியவர், மூச்சுக் குறையக் குறைய எண்களை நெருக்கிக்கொண்டிருந்தார்.

நான் மணிக்கூட்டைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"டிலக்ஷி, அங்கிளுக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு வா" என்றார். மகள் போனதும், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்து, "சேர், சொல்லாதேங்கோ" என்றார்.

"டோரின், இது விளையாட்டில்லை. நீர் சொல்லுற இலக்கம் பொய்."

"கிளின்ரனும் நாளைக்குக் கதைக்கிறன் எண்டுதான் போனவர். குழாய் போட்டா நான் திரும்ப மாட்டன். காலமைக்குச் சரியாயிடும். எப்பவும் காலமைக்குச் சரியாத்தானே வாறது."

அது உண்மை. எப்போதும் காலையில் சரியாகத்தான் வந்தது. அந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் இவரைக் குழாய்க்கு அனுப்பியவன் ஆவேன். கணவரைப் போலவே போய்விட்டால் டிலக்ஷியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? சொல்லாவிட்டால்? அன்று எழுதிய '9' என்ற இலக்கம் இன்றும் என் குறிப்புப் புத்தகத்தில் கோணலாக இருக்கிறது.

தேநீர் வந்தது. குடித்தேன். ஐந்து முப்பத்தைந்துக்கு நானே, "இன்னொருக்கா எண்ணும்" என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே எண்ணினார். இருபத்தைந்து. ஏழு வினாடி. எண்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன, பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் இடையில் பதினெட்டே இல்லை. ஏழு வினாடி என்றால் பதினான்கு. மேல் உதட்டில் வியர்வை. கழுத்தின் அடியில், காறை எலும்புகளுக்கு நடுவே, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு குழி விழுந்து நிரம்பியது. விரல் கருவி அப்போதும் தொண்ணூற்றாறு காட்டியது.

எழும்பினேன். அவர் என் சேர்ட் கையைப் பிடித்தார். அந்தப் பிடி அவிழ நான் ஒன்றும் செய்யவில்லை. நாலைந்து வினாடியில் விரல்கள் தாமாகவே தளர்ந்து கட்டிலில் விழுந்தன. அவற்றுக்கும் செய்தி போய்ச் சேரவில்லை.

தாதியிடம் சிங்களத்தில் சொன்னேன். குறிப்புப் புத்தகத்தைக் காட்டினேன். அவர் ஒரு தடவை டோரினைப் பார்த்தார், பிறகு ஓடினார். இளம் வைத்தியர் ஒருவர் வந்து, டோரினின் முன் தன் கையை அசைத்துத் தாளம் போட்டு, "இந்தத் தாளத்துக்கு எண்ணுங்கள் அம்மா" என்று சிங்களத்தில் சொன்னார். டோரின் எண்ணினார். பதினொன்று.

நான் பேசியது ஐந்து நாற்பதுக்கு. முதல் ஒன்பது வினாடியை எழுதியதிலிருந்து முப்பத்தைந்து நிமிடம். அந்த முப்பத்தைந்து நிமிடமும் பயந்திருந்தேன், அவ்வளவுதான்.

கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். டோரின் என்னைப் பார்க்கவில்லை. டிலக்ஷி கூடவே ஓடினாள், கண்ணாடிக் கதவு வரைக்கும். "மம்மி, நாளைக்குக் கதைக்கிறன் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ" என்று கத்தினாள். டோரின் கையை உயர்த்தப் பார்த்தார். கை உயரவில்லை. ஆறு மணி நாற்பதுக்குக் குழாய் போட்டார்கள்.

ஒன்பது நாள். ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து தடவை, இரத்தத்திலிருந்து அந்தப் பிழையான படையைப் பிரித்து எடுத்தார்கள். நான் தினமும் போனேன். கதவுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன், உள்ளே போகத் தைரியம் வரவில்லை. டிலக்ஷி சொல்லும் செய்தியை நேரத்தோடு எழுதினேன். நான்காம் நாள் அவள் ஒரு தாளை மடித்துக்கொண்டு வந்தாள்.

"மம்மி எழுதினது, அங்கிள். உங்களுக்காம்."

எழுத்து நெளிந்திருந்தது, ஆனால் வாசிக்க முடிந்தது. 'யூதாஸ் சேர் வெளியிலையா நிக்கிறார்? உள்ளுக்கு வரச் சொல்லு.'

யேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸ் என்று சைவக்காரனான எனக்கும் தெரியும். உள்ளே போனேன். வாயில் குழாயோடு கண்ணால் சிரித்தார். வலது கண்ணால் மட்டும். இடது இமை இன்னும் எழும்பவில்லை. மே 12, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்குக் குழாயை எடுத்தார்கள்.

ஓகஸ்ட்டில் வேலைக்குத் திரும்பினார், காலை அமர்வுக்கு மட்டும். வெள்ளிக் கண்ணை நேர்த்திப்படி கொண்டுபோய் வைத்தார். "கண்ணுக்கு நேந்தது கண்ணுக்கு, மூச்சுக்கு வேற பாப்பம்" என்றார். பிஸ்கட் ரின்னை டிலக்ஷி எறிந்துவிட்டாள். மருந்துப் பட்டியல் இப்போது கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு டோரின் எனக்குக் கோல் எடுத்து எண்ணுவார். நான் மணிக்கூட்டைப் பிடிப்பேன். பெரும்பாலும் முப்பத்தாறுக்கும் நாற்பதுக்கும் இடையில், பதினெட்டு முதல் இருபது வினாடி. ஆனாலும் ஐந்து ஐம்பதுக்கே நான் போய் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்துவிடுவேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

2025 மார்ச் 7, வெள்ளிக்கிழமை, ஆறு மணி நான்கு நிமிடம். நான்கு நிமிடப் பிந்தல். எடுத்தேன். அவர் எண்ணத் தொடங்கினார். மெதுவாக, ஒவ்வொரு எண்ணுக்கும் அதனதன் இடம் கொடுத்து, வினாடிக்கு இரண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று. குரல் மூக்குக்குள் ஏறியது. பதினெட்டு. இனி நெருக்குவார் என்று நினைத்தேன். வேகம் மாறவில்லை. பத்தொன்பது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை. வெறும் மூச்சுச் சத்தம் கேட்டது. என் மணிக்கூட்டில் ஒன்பதரை வினாடி.

"பத்தொன்பது, சேர்" என்றார். "நான் ஓடேல்லை."

"ஓம், டோரின். நீர் ஓடேல்லை."

"டிலக்ஷி சப்பாத்துப் போடுறாள். திறீவீல் வந்திட்டுது. நான் போயிட்டு..." மூச்சு எடுத்தார். அந்த இடத்தில் கிளின்ரனின் கடைசி வார்த்தைதான் வரும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அதைச் சொல்லாமல், "நீங்கள் நேரத்தை எழுதுங்கோ" என்று சொல்லி ரெலிபோனை வைத்தார்.

எழுதினேன். ஆறு மணி ஆறு நிமிடம். அன்று குழாய் தேவைப்படவில்லை. நேரத்தோடு வந்துவிட்டார் என்று வைத்தியர் சொன்னாராம்.